பழைய செவர்லே பிக்கப்புக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றணுமா? முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் இருக்கிறேன். என் வண்டி 1984 செவர்லே கே10. இங்கே எல்லாரும் ஸ்கொயர்பாடி என்று சொல்கிற, 1973 முதல் 1987 வரை வந்த அந்தக் கட்டம் கட்டமான பிக்கப். ஒரு குளிர்காலத்தில் பூடர் கேன்யன் பக்கம் ஏற்றத்தில் பனிக்காக 4எச்-இல் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன், சீட்டுக்கு அடியில் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி டங், டங், டங். காலை எடுத்தால் சத்தம் நிற்கும், மிதித்தால் மறுபடி ஆரம்பிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் செயின் தளர்ந்துபோய், சுமை ஏறும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கிற சத்தம் அது. அப்போது எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அலைந்து, தவறான ஒன்றை வாங்கி, சரியான ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டேன். இந்த மாதிரிப் பழைய நாலு சக்கர வண்டி வாங்கிய நம்மவர்கள் சிலர் இப்போது அதே கேள்வியோடு வருகிறார்கள், "எது நல்லது? 205 போடலாமா?" என்று. (205 என்பது பேர் வாங்கிய ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் மாடல்.) பதிலை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் பதில் சுருக்கமானது: பேர் வாங்கிய மாடலைத் தேடாதீர்கள். உங்கள் வண்டியில் நாலு விஷயத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், அந்த நாலுக்கும் பொருந்துவதைத் தேடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்போது இருக்கிற அதே மாடல்தான் சரியானதாக அமையும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அது என்ன வேலை செய்கிறது

கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கிப் பின் அச்சுக்கு ஒரு டிரைவ்ஷாஃப்ட் வழியாகவும், நீங்கள் கேட்கும்போது முன் அச்சுக்கு இன்னொன்றின் வழியாகவும் அனுப்பும். கூடவே 4எல் என்று ஒரு தாழ்ந்த விகிதம் உண்டு. அதில் போட்டால் வண்டி மெதுவாகப் போகும், இழுவை கூடும்.

இதில் பார்ட்-டைம் என்று ஒரு வகை. 4எச்-இல் போட்டதும் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் இதில் ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் போகும், அந்த வித்தியாசத்தை விழுங்க நடுவில் எதுவும் கிடையாது, எனவே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். பனி, சேறு, ஜல்லி என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். இன்னொரு வகை ஃபுல்-டைம். நடுவில் அந்த வித்தியாசத்தை விழுங்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு இருப்பதால் எப்போதும் நாலு சக்கரமும் ஓடிக்கொண்டே இருக்கலாம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

முதலில்: கெட்டுப்போனது அதுதானா?

ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன் அரை நாள் இதற்கு ஒதுக்குங்கள். நாலு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். முன்னால் ஒரு அளவு பின்னால் ஒரு அளவு இருந்தால் 4எச்-இல் எப்போதும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும், பெட்டி மேல் பழி விழும். டிரைவ்ஷாஃப்ட்களின் யூனிவர்சல் ஜாயின்ட்டுகளைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், நம் ஊர் மெக்கானிக் "கிராஸ்" என்று சொல்வாரே, அதேதான். அது தேய்ந்திருந்தாலும் டங் என்று சத்தம் வரும்.

4எச் தானாகவே நழுவி வெளியே வருகிறதென்றால், லீவரிலிருந்து பெட்டி வரை போகும் இணைப்புக் கம்பிகளையும் அவற்றின் புஷ்களையும் பாருங்கள். நாற்பது வருடத்தில் புஷ் தேய்ந்து, கம்பி முழுத் தூரம் போகாமல், உள்ளே கியர் பாதிதான் விழுந்திருக்கும். சரிப்படுத்தினாலே போதும் என்று நிற்கிற வண்டிகள் நிறைய.

4எச் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லையா? முன் சக்கரங்களின் ஹப்பை (சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் நடுவில் இருக்கும் திருகு) திருகி ஃப்ரீ நிலையில் வையுங்கள். லீவரை 4எச்-இல் போடுங்கள். தெரிந்த ஒருவரை வண்டியை மெல்ல நகர்த்தச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன் டிரைவ்ஷாஃப்ட் சுழல்கிறதென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அதன் வேலையைச் செய்கிறது, கோளாறு ஹப்பிலோ முன் அச்சிலோ இருக்கிறது. சுழலவில்லையென்றால் பெட்டிக்குள். (1988-க்குப் பிறகு வந்த புதிய உருவ செவர்லே பிக்கப்களில் முன் டிஃபரன்ஷியலில் சூடாகி வேலை செய்யும் ஒரு ஆக்சுவேட்டர் இருக்கும். அது சோம்பிப்போனால் 4எச் விழ நேரமாகும், அல்லது விழவே விழாது. அந்த வண்டிக்காரர்கள் பெட்டியைத் தொடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.)

கடைசியாக எண்ணெய். கீழே வடிகால் பிளக்கைத் திறந்து ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் கவலையில்லை, வயதுக்கு அது சகஜம். கையில் குத்துகிற துணுக்குகள், பல் உடைந்த மாதிரித் துண்டுகள் வந்தால் மாற்றும் வேலைதான்.

உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வண்டிகளில் முக்கியமாக மூன்று வந்தன, மூன்றையும் செய்தது நியூயார்க் மாநிலம் சிரக்யூஸ் பக்கம் இருந்த நியூ பிராசஸ் கியர் கம்பெனி. என்பி என்ற முன்னெழுத்து அதிலிருந்து வந்தது. 1990-இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நியூ வெஞ்சர் கியர் என்று ஆக்கிய பிறகு என்வி என்று போட ஆரம்பித்தார்கள். ஆகவே என்பி241, என்வி241 என்று இரண்டு விதமாகப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

என்பி203 என்பது 1973 முதல் 79 வரை, பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் வந்த ஃபுல்-டைம். வார்ப்பிரும்பு, நீளமானது, பகுதி பகுதியாகச் சேர்த்த மாதிரி இருக்கும். வண்டிக்குள் இருக்கும் லீவர் குமிழைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், அதில் லாக் என்று தனி நிலைகள் பொறித்திருக்கும். தாழ் விகிதம் ஏறக்குறைய 2.0.

என்பி205 பார்ட்-டைம். ஒரே கட்டியாக வார்த்த இரும்புப் பெட்டி, செயின் கிடையாது, முழுக்கக் கியர்தான். தாழ் விகிதம் 1.96. ஒரு டன் வண்டியான கே30-இல் கடைசிவரை இதுதான் வந்தது.

என்பி208 1981 முதல் அரை டன், முக்கால் டன் வண்டிகளில் 205-இன் இடத்தைப் பிடித்தது. அலுமினியம், வெள்ளியாகத் தெரியும், இரண்டு பாதிகளை நடுவில் போல்ட் போட்டு மூடியிருப்பார்கள். உள்ளே செயின். தாழ் விகிதம் 2.61. என் வண்டியில் இருந்தது இதுதான்.

ஆனால் வருடத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். நாற்பது வருட வண்டி, நாலைந்து கை மாறியிருக்கும், யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும். பெட்டியின் பின்பக்கத்தில், பழைய அரை டாலர் காசு அளவில் ஒரு வட்டத் தகடு ஒட்டியிருக்கும். அதைத் தேடுங்கள். எனக்கு முதலில் தெரியவே இல்லை. வருடக்கணக்கான எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. பிரேக் கிளீனர் அடித்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கட்டைவிரலால் வழித்தபோது முதலில் ஒரு விளிம்பு, பிறகு எழுத்து, கடைசியாக மாடல் எண்ணும் தாழ் விகிதமும் தெரிந்தன. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து தேய்ந்த எண்ணும் படிக்க வரும். உடனே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு டேஷ்போர்டு பெட்டியின் கதவு உட்புறம் பாருங்கள். தொழிற்சாலையில் ஒட்டிய தாள் இருந்தால் அதில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். ஜிடி4 என்றால் அச்சு விகிதம் 3.73, எம்20 என்றால் நாலு கியர் மேனுவல் எஸ்எம்465, எம்டி8 என்றால் 700ஆர்4 ஆட்டோமேட்டிக். இதெல்லாம் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தது. இப்போதும் அதுவேதானா என்பதை அடியில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

நாலு அளவு

ஒன்று, முன் டிரைவ்ஷாஃப்ட் எந்தப் பக்கம் போகிறது. இதுதான் முதல் வடிகட்டி. வண்டிக்குப் பின்னால் நின்று முன்னோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டு, முன் அச்சின் டிஃபரன்ஷியல் உருண்டை இடதா வலதா என்று பாருங்கள். ஸ்கொயர்பாடியில் அது வலப்பக்கம். விற்பவர்கள் டிரைவர் பக்கம், பயணி பக்கம் என்றுதான் எழுதுவார்கள். நம்மில் பலர் ஊரில் வண்டி ஓட்டப் பழகி வந்தவர்கள், டிரைவர் பக்கம் என்றதும் மனது வலப்பக்கம் போகும். இங்கே ஸ்டியரிங் இடதில், எனவே டிரைவர் பக்கம் என்றால் இடது. உங்களுக்கு வேண்டியது பயணி பக்கம். ஃபோர்டு எஃப்150 1980 முதல் 96 வரை இடப்பக்கம். 1988-இல் வந்த புது உருவ செவர்லே பிக்கப்களும் இடப்பக்கம். அவற்றிலிருந்து எடுத்த பெட்டி எவ்வளவு மலிவாக, எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் முன் அச்சோடு சேராது. அதைப் பார்த்து நேரம் செலவழிக்காதீர்கள்.

இரண்டு, ஸ்ப்ளைன் பற்கள். கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டில் இருக்கும் பற்களும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளீட்டுத் துளைக்குள் இருக்கும் பற்களும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்க வேண்டும். டிஎச்350, 700ஆர்4 ஆட்டோமேட்டிக்குகளில் 27. டிஎச்400-இல் 32. எஸ்எம்465 மேனுவலில் பழையவற்றில் 10, பிற்காலத்தில் 32. எண்ணும்போது ஒரு பல்லில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், இரண்டு தடவை எண்ணுங்கள். விற்பவரிடமிருந்து பற்கள் தெளிவாகத் தெரிகிற போட்டோ வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன். "205-ஐ உடைக்கவே முடியாது" என்று கேட்டுக் கேட்டு, விளம்பரத்தில் ஒன்றைப் பார்த்ததும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். விற்றவர் "எல்லா செவர்லேவுக்கும் போகும்" என்றார், நானும் நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். அறுபது கிலோவுக்கு மேலிருக்கும் அந்த இரும்பை இரண்டு பேர் சேர்ந்து இறக்கி, வீட்டில் துடைத்துவிட்டுத் துளைக்குள் எண்ணினால் பத்துப் பல். பழைய மேனுவல் வண்டியிலிருந்து வந்தது. என் 700ஆர்4-இல் இருபத்தேழு. அவரிடம் திரும்பப் பேசிப் பார்த்தேன், எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு போட்டோ கேட்டிருந்தால் போகவே வேண்டியிருந்திருக்காது.

மூன்று, போல்ட் துளைகளின் அமைப்பு. 208-இலும் அதற்குப் பின் வந்த 241-இலும் வட்டமாக ஆறு போல்ட். பழைய 205-களில் பெரும்பாலும் எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்த மாதிரி வேறொரு வடிவம். கியர்பாக்ஸுக்கும் பெட்டிக்கும் இடையில் வரும் அடாப்டர் வார்ப்பு இந்த இரண்டு பக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஆறு போல்ட் என்பது மற்ற கம்பெனி வண்டிகளிலும் உண்டு, ஆனால் வட்டம் திரும்பியிருக்கும் கோணம் மாறலாம். கோணம் மாறினால் பெட்டி ஒரு பக்கம் கீழே தொங்கும், அல்லது மேலே தரைத்தகட்டில் இடிக்கும். அட்டையை வைத்து அழுத்தித் துளைகளின் அச்சு எடுத்து, எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். காயலான் யார்டில் போன் திரையில் எண்ணைத் தேடுவதைவிட இந்த அட்டை வேகமாகப் பதில் சொல்லும்.

நான்கு, நீளமும் பின்பக்க இணைப்பும். 208-இல் பின் டிரைவ்ஷாஃப்டின் முனை பெட்டிக்குள் வழுக்கி உள்ளே வெளியே போய்வரும் மாதிரி இருக்கும். 205-இல் யோக் (ஷாஃப்டை மாட்டும் கவை) நட்டுப் போட்டு நிலையாக நிற்கும், வழுக்கும் பகுதி ஷாஃப்டிலேயே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் பின் ஷாஃப்ட் மாற்ற வேண்டும், முன் ஷாஃப்டின் நீளமும் சரிபார்க்க வேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு ஃபிரேமில் புதுத் துளை போட வேண்டிவரலாம். வண்டி தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கும்போது, ஜாக்கில் தொங்கும்போது அளக்காமல், யோக்கின் மையத்திலிருந்து மையம்வரை அளந்து எழுதுங்கள்.

ஐந்தாவதாக ஒரு சின்ன விஷயம், ஸ்பீடோமீட்டர். பழையவற்றில் முறுக்கிக்கொண்டு போகும் கேபிள். 80-களின் கடைசியிலிருந்து வந்த பெட்டிகளில் மின் சென்சார். உங்கள் டேஷ்போர்டு எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள்.

அப்படியானால் எது?

கையில் 208 இருந்து, நீங்கள் செய்வது பனிக்காலத்தில் ரோடு, விறகு ஏற்றுவது, மீன்பிடிக்க மலைப்பாதையில் போவது, சின்ன டிரெய்லர் இழுப்பது என்றால், இன்னொரு நல்ல 208 போடுங்கள். ஷாஃப்ட், சட்டம், லீவர், கேபிள் எதுவும் மாறாது. ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். 208-ஐப் பற்றிக் குறை சொல்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பெட்டி மெலிந்த அலுமினியம், செயின் காலத்தில் நீளும், கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் திண்டுகள் தேய்ந்து 4எச் நழுவும். ஆனால் இவை பழைய செயினும் பழைய திண்டும் நாற்பது வருடம் ஓடிய பிறகு வருகிற குறைகள். புதுச் செயின், புதுத் திண்டு, புது பேரிங், சீல் போட்ட 208 சாதாரண வேலைக்கு இன்னும் பல வருடம் ஓடும்.

விகிதத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4எல்-இல் முதல் கியரில் மொத்தக் குறைப்பு எவ்வளவு என்பது, கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதத்தை டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ் விகிதத்தாலும் அச்சு விகிதத்தாலும் பெருக்கினால் வரும். என் வண்டியில் 700ஆர்4 முதல் கியர் 3.06, 208-இன் 2.61, அச்சு 3.73. பெருக்கினால் ஏறக்குறைய 30. அதே வண்டியில் 205 போட்டால் 1.96 என்பதால் 22-க்கு இறங்கிவிடும். பாறையில் மெல்ல இறங்கும்போது அந்த வித்தியாசம் பிரேக் மிதிக்கிற காலில் தெரியும். வலிமை கூடும் என்று நினைத்து நான் வாங்கிய பெட்டி, பொருந்தியிருந்தால்கூட, மலையில் எனக்கு வேண்டிய ஒன்றைக் குறைத்திருக்கும்! எஸ்எம்465 மேனுவல் உள்ளவர்களுக்கு இது வேறு கதை. அதன் முதல் கியர் 6.55, எனவே 205 போட்டாலும் 48 வரும், 208 என்றால் 64-ஐ ஒட்டி. அவர்களுக்கு 205-இன் 1.96 ஒரு குறையே இல்லை.

ஆகவே 205 யாருக்கு? மேனுவல் கியர்பாக்ஸ், பெரிய டயர், கனமான சுமை, தொடர்ந்து முரட்டு வேலை. செயின் இல்லாததால் நீள எதுவும் இல்லை, இரும்புப் பெட்டி அடி தாங்கும். பதிலுக்குக் கனமும் கியர் சத்தமும் வரும். இரண்டு லீவர் வைத்து முன்னையும் பின்னையும் தனித்தனியாக மாற்றும்படி செய்துகொள்பவர்களும் உண்டு, புதிதாக வந்தவருக்கு அது இப்போது தேவையில்லை.

203 உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வண்டிகளில் முன் சக்கரம் எப்போதும் ஓடுவதால், திருகிப் பூட்டும் ஹப் தொழிற்சாலையிலேயே வராது. அதற்குப் பதிலாகப் பார்ட்-டைம் பெட்டி போட்டாலோ, 203-ஐயே பார்ட்-டைமாக்கும் கிட் போட்டாலோ, பூட்டும் ஹப்பும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்-இல் ஓடும்போதும் முன் அச்சு, முன் ஷாஃப்ட் எல்லாம் வீணாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பட்ஜெட் போடும்போதே ஹப்பின் விலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி என்பி241. தாழ் விகிதம் 2.72, செயின் வகை. 1988-க்குப் பிந்திய பிக்கப்களில் வந்தவை இடப்பக்கம், நமக்கு ஆகாது. ஆனால் பிளேசரும் சபர்பனும் 1991 வரை பழைய உருவத்திலேயே வந்தன, அவற்றிலிருந்து எடுத்த 241 வலப்பக்கம் இருக்கும். 208-க்குப் பதிலாக இதைப் போடுபவர்கள் உண்டு. பல் எண்ணிக்கை, ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோமீட்டர் சென்சார் மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யார்டில் கையை வைத்துப் பார்க்க வேண்டியவை

பழைய பெட்டி வாங்கப் போகும்போது கையுறை, டார்ச், காந்தம், சுண்ணாம்புக்கட்டி, உங்கள் அட்டை. முதலில் தகட்டைப் படியுங்கள். பிறகு பெட்டியைச் சுற்றிப் பார்த்து, போல்ட் காதுகளில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தால் விட்டுவிடுங்கள். வடிகால் பிளக்கைத் திறந்து எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை அடித்தால் சூடேறி ஓடியிருக்கிறது. எண்ணெயே இல்லாமல் காய்ந்து கிடந்தால், எவ்வளவு நாள் அப்படி ஓடியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதையும் விட்டுவிடுங்கள்.

லீவர் தண்டைத் திருப்பி எல்லா நிலைக்கும் கொண்டுபோங்கள், ஒவ்வொன்றும் கிளிக் என்று உட்கார வேண்டும். யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. செயின் வகை என்றால் 4எச்-இல் போட்டு, ஒரு கையால் பின் தண்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு மற்ற கையால் முன் யோக்கை முன்னும் பின்னும் திருப்புங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். யோக் நன்றாகச் சுற்றிவிட்டு, பிறகு உள்ளே தொளதொளவென்று ஏதோ இழுபடுகிற உணர்வு கையில் வந்தால் செயின் நீண்டுவிட்டது. என் பழைய பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்து இதைச் செய்தபோது அந்தத் தளர்ச்சி மணிக்கட்டு வரை தெரிந்தது, அந்த மலை ஏற்றத்தில் கேட்ட சத்தத்தின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பழுது பார்த்துப் புதுப்பித்த பெட்டி வாங்கினால் இரண்டு விஷயம் கேளுங்கள். செயினும் ஃபோர்க் திண்டும் புதிதா, அல்லது சீல் மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்ததா? யோக்கும் அடாப்டரும் கூட வருமா? பெரும்பாலும் கோர் என்று ஒரு முன்பணம் பிடிப்பார்கள், உங்கள் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பும். எனவே பழையதைக் காயலானுக்குப் போட்டுவிடாதீர்கள். யோக்கைக் கழற்றிக்கொண்ட பிறகு கொடுங்கள்.

மாட்டும்போது

மாட்டும் வேலையை முழுதாக எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தாலோ, டிரைவ்ஷாஃப்டுகளைக் கழற்றினாலோ, கியர்பாக்ஸைப் பார்க்கில் போட்டிருப்பது வண்டியைப் பிடிக்காது. பார்க் பூட்டுவது கியர்பாக்ஸின் தண்டைத்தான், சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பு அறுந்த பிறகு வண்டி உருளும். ஆகவே ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன்பே சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். பெட்டியை மார்பின் மேல் வைத்து இறக்கலாம் என்று நினைக்காதீர்கள், கியர்பாக்ஸ் ஜாக்கை வாடகைக்கு எடுங்கள், பட்டையால் கட்டி இறக்குங்கள். கியர்பாக்ஸின் பின்முனைக்குத் தனியாக முட்டுக்கொடுங்கள், குறுக்குச் சட்டம் போனபின் அதைத் தாங்க வேறெதுவும் இருக்காது.

டிரைவ்ஷாஃப்டைக் கழற்றும் முன் யோக்கோடு சேர்த்துப் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டால் அதே நிலையில் திரும்ப மாட்டலாம். புதுச் சீல்களைப் பெட்டி வெளியே இருக்கும்போதே போட்டுவிடுங்கள், மாட்டிய பிறகு மாற்றுவது மூன்று மடங்கு வேலை. பெட்டிக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலிலேயே எண்ணெய் கசியும்.

எண்ணெய் மாடலுக்கு மாடல் வேறு. 208-க்கும் 241-க்கும் டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய். 205-க்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில். 203-க்கு 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றாலே கெட்டியான கியர் ஆயில்தான் என்று 208-இல் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், இந்தக் குளிரில் அது உள்ளே ஓடி எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் துளையின் விளிம்பில் எண்ணெய் வழிய ஆரம்பிக்கும்வரை ஊற்றுங்கள்.

முதல் ஓட்டத்தை ஒரு ஜல்லி ரோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 2எச்-இல் கொஞ்ச தூரம், பிறகு நிறுத்தி ஹப்பைப் பூட்டி 4எச், பிறகு நின்று நியூட்ரலில் தள்ளி 4எல். திரும்பி வந்ததும் பெட்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டு அன்றிரவு தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் என் அட்டையில் ஒரே ஒரு சிவப்புச் சொட்டு இருந்தது, நிரப்பும் பிளக்கை இன்னும் கால் திருப்பு இறுக்கினேன். அதற்கடுத்த நாள் அட்டை காய்ந்திருந்தது. அந்த வார இறுதியிலேயே பூடர் கேன்யனில் அதே ஏற்றத்துக்குப் போனேன், 4எச்-இல் போட்டு மிதித்தேன், பனியில் டயர் நசுங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.